வீட்டுக் கோழியின் வரவு செலவு

கோழி தானே மேய்ந்து, தானே கூடடைந்து, செலவின்றி முட்டை தரும் என்பது தோட்டப்புறங்களில் நெடுநாளாக நிலவிவரும் எண்ணம். லயத்து வாசலிலும் கானோரத்திலும் இரண்டொரு நாட்டுக் கோழிகள் கிளறித் திரிந்த காலத்தில் அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தியே இருந்தது. அக்கோழி கேட்டதும் சிறிது, தந்ததும் சிறிது. இப்பொழுதோ ஆண்டொன்றுக்கு இருநூறு முட்டைக்கு மேலிடும் பழுப்புப் பேடுகள் எளிதிற் கிடைக்கின்றன. இவற்றை வாங்கி வந்து நாட்டுக் கோழியைப் போல வெளியில் விட்டுவிடுவோர் உளர். பண்ணைக் கோழியைப் போலக் கடைத்தீனை மட்டுமே கொட்டி வளர்ப்போரும் உளர். முன்னவருக்கு முட்டை கிடைப்பதில்லை. பின்னவருக்கு முட்டை கிடைக்கின்றது. ஆயின் ஆண்டு முடிவிற் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எத்தனை கோழி வளர்த்தால் நோர்வூட் பகுதித் தோட்டக் குடும்பமொன்றுக்குக் கட்டுபடியாகும் என்பதே இப்பிரசுரத்தில் ஆராயப்படும் பொருளாகும்.

கோழிக்கு இடம் வந்த வகை

லயத்து வாழ்க்கையில் முற்றமென்று சொல்லத்தக்க இடம் இருந்ததில்லை. ஒரு காம்பராவின் வாசலே அடுத்த காம்பராவுக்கும் வழியாகும். ஒருவருடைய கோழி மற்றொருவருடைய மரக்கறிப் பாத்தியைக் கிளறுவதும், அதனால் இரு வீட்டாரும் மாதக்கணக்கிற் பேசாதிருப்பதும் தோட்டங்களில் அறியாத செய்தியன்று. அண்மைக் காலத்தில் கட்டப்பட்டுவரும் தனி வீடுகள் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன. 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் நோர்வூட்டிற் கூடிய பெருந்திரளின் முன் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் மலையகத்திற்கு வழங்கப்படும் என்று அறிவித்தார். இத்தகைய வீடொன்று 7 பேர்ச்சுக் காணியில் ஏறக்குறைய 550 சதுர அடிப் பரப்பில் அமைவது. 7 பேர்ச்சு என்பது 1,900 சதுர அடி. வீடும் நடைவழியும் கழிவறையும் போக எஞ்சும் நிலத்திற் சிறு மரக்கறித் தோட்டத்திற்கும் நான்கைந்து கோழிகளுக்கும் இடமுண்டு. தோட்டக் குடும்பங்களுட் பெருந்தொகையானோர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர். அவர்கள் கோழி வளர்க்கக்கூடாதென்பதில்லை; ஆயின் கோழியை வெளியே விடாது கூட்டோடு சேர்ந்த வலையடைப்பில் வைத்தல் வேண்டும். கூடு அமைக்குமுன் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெறுதலும் நன்று.

முட்டையின் தேவையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேராக இருந்தனர். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. சோறும் ரொட்டியும் சாயத் தண்ணீருமாக நாளைக் கழிக்குங் குழந்தைக்கு அது சிறிய பொருளன்று. கோழி வளர்க்கும் வீடுகளிலேயே முட்டை முழுவதும் கடைக்குப் போய்விடுவதுதான் வருந்தத்தக்கது. தீன் கடனுக்கு ஈடாக முட்டை போகின்றது. குழந்தையின் தட்டு முன்போலவே இருக்கின்றது. இவ்வாறு நேர்வதற்குக் காரணம் பெற்றோரின் அக்கறைக் குறைவன்று. கோழித்தொகையைக் கணக்கின்றி வகுத்துக்கொண்டதே காரணம்.

ஆறு பேடுகளின் கணக்கு

கீழ்வரும் கணக்கில் ஒரு கிலோ கடைத்தீன் 200 ரூபா எனவும், ஒரு முட்டை 45 ரூபா எனவும், முட்டையிடும் பருவத்துப் பேடொன்று 1,200 ரூபா எனவும் கொள்ளப்படுகின்றது. இவை முறையைக் காட்டுதற்பொருட்டு எடுத்துக்கொண்ட விலைகள். வாசிப்போர் இவற்றை நீக்கித் தங்கள் ஊர்க் கடை விலையை இட்டுக் கணக்கைத் திரும்பச் செய்தல் வேண்டும். விலைகள் எவ்வளவு விரைவில் மாறுமென்பதை அண்மைக் காலம் நன்கு காட்டியது. 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின் சோள விளைச்சல் குன்றியது. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கோழித்தீன் விலை ஏறியது; பண்ணையாளர் பலர் கோழிகளைக் குறைத்தனர். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் பழுப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக அரசாங்கத்தால் விதிக்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை தருவிக்கவேண்டிய நிலையும் உண்டாயிற்று.

முட்டையிடும் பழுப்புப் பேடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் தீன் உண்ணும். ஆறு பேடுகளுக்கு ஆண்டுக்கு 263 கிலோ வேண்டும். அதன் விலை 52,600 ரூபா. நல்ல பண்ணையில் இப்பேடு 280 முட்டைக்குமேல் இடக்கூடும். வீட்டு வளர்ப்பில் 240 என்று கொள்வதே அறிவுடைமை. ஆறு பேடுகளும் 1,440 முட்டையிடும். அவற்றின் விலை 64,800 ரூபா. தீனைக் கழித்தால் மிகுவது 12,200 ரூபா. பேடுகள் வாங்கிய 7,200 ரூபாவைக் கழித்தால் மிகுவது 5,000. கூட்டிற்கு 15,000 ரூபா செலவாகி அது ஐந்தாண்டு நிற்குமாயின் ஆண்டொன்றின் பங்கு 3,000, எஞ்சுவது 2,000. மருந்துக்கும் தரையில் இடும் மரத்தூளுக்கும் ஓராயிரம் போனால், ஆண்டு முழுவதும் பாடுபட்டதற்குக் கிடைத்தது 1,000 ரூபாவே. நடு ஆண்டில் ஒரு பேடு இறந்துவிட்டால் அவ்வாயிரமும் போய்விடும். முட்டை ஓய்ந்த கோழிகளை இறைச்சிக்கு விற்பதால் வருவது இதிற் சேர்க்கப்படவில்லை. அதுவே உண்மையில் மிஞ்சும் பணம்.

இக்கணக்கிலிருந்து நினைவில் வைக்கத்தக்க அளவொன்று பெறப்படுகின்றது. கடைத்தீனை மட்டும் உண்ணும் பேடு ஒரு கிலோ தீனுக்கு ஐந்தரை முட்டை தரும். ஆதலின், தீன் வாங்கச் செல்பவர் ஒரு கிலோவின் விலையையும் ஐந்தரை முட்டையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் நெருங்கியிருக்குங் காலத்திற் கோழித்தொகையைக் கூட்டுதல் ஆகாது. தீன் விலை மேலேறிவிட்டால், முட்டை விற்பவர் ஒவ்வொரு முட்டையோடும் தம் கைப்பணத்தையுஞ் சேர்த்தே கொடுக்கின்றார்.

அளவு கூட்டிலன்று, அடுப்பங்கரையில்

இலாபம் எங்கிருந்து வரவேண்டும் என்பது இனித் தெளிவாகும். தீனில் ஒரு பங்கையாவது விலையின்றிப் பெறவேண்டும். முறையாகக் கலந்து கொடுத்தால் பேட்டின் உணவில் மூன்றிலொரு பங்கை வீட்டு மிச்சமும் கீரையும் புழுபூச்சிகளுங் கொண்டு ஈடுசெய்யலாம். முட்டை சிறிதே குறையும். பேடொன்றுக்கு அது நாளொன்றுக்கு 40 கிராம் உலர்ந்த உணவுக்குச் சமம். ஐந்து பேருள்ள தோட்டக் குடும்பமொன்றில் சோற்று மிச்சம், மரக்கறித் தோல், ரொட்டித் துண்டு, மீன் கழிவு எல்லாஞ் சேர்ந்து நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். அதில் நீரே மிகுதி. உலர்ந்த அளவிற் பார்த்தால் 120 கிராம் வரை தேறும். இது மூன்று பேடுகளுக்குப் போதும். முற்றத்துக் கீரையையும் புழுவையுஞ் சேர்த்தால் நான்கு பேடுகளுக்குப் போதும். ஆறுக்குப் போதாது. பத்துப் பேடுகளை வாங்கியவர் தம் வீட்டு மிச்சத்தைப் பத்தாகப் பங்கிடும்போது ஒவ்வொன்றிற்குங் கிடைப்பது ஒரு கொத்தலுக்குக் காணாது. கூட்டிற் பத்துக்கு இடமிருக்கின்றதென்பது பத்து வளர்ப்பதற்கு நியாயமாகாது.

நான்கு பேடுகளைக் கொண்டு கணக்கைத் திரும்பப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பேடொன்றுக்கு 80 கிராம் கடைத்தீன் வீதம் ஆண்டுக்கு 117 கிலோ. விலை 23,400 ரூபா. முட்டை, பேடொன்றுக்கு 220 வீதம் 880. விலை 39,600 ரூபா. மிகுவது 16,200. பேடுகளின் விலை 4,800 ரூபாவும், 10,000 ரூபா பெறுஞ் சிறு கூட்டின் ஆண்டுப் பங்கு 2,000 ரூபாவும், மருந்து முதலியவற்றிற்கு 800 ரூபாவும் கழிய 8,600 ரூபா எஞ்சுகின்றது. ஆறு பேடுகள் தந்ததைவிட நான்கு பேடுகள் எட்டு மடங்கு மிகுதியாகத் தருகின்றன.

இவ்வெண்ணூற்றெண்பது முட்டைகளையும் விற்கவேண்டுமென்பதில்லை. இரு குழந்தைகளுக்கு நாளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தால் 730 முட்டை செல்லும், 150 மிகும். அவற்றை விற்றாற் கிடைப்பது 6,750 ரூபா. எல்லாச் செலவுஞ் சேர்ந்து 31,000 ரூபாவாதலின், வீட்டுப் பணத்திலிருந்து போடவேண்டியது 24,250 ரூபா. மாதத்திற்கு ஏறத்தாழ 2,020 ரூபா. அதே 730 முட்டையைக் கடையில் வாங்க மாதத்திற்கு 2,740 ரூபா வேண்டும். 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வகுக்கப்பட்டது. அச்சம்பளத்தை அளவாகக் கொண்டால், கடையில் வாங்குபவர் மாதத்தில் இரண்டு நாட்சம்பளத்தையும், நான்கு பேடு வளர்ப்பவர் ஒன்றரை நாட்சம்பளத்தையும் முட்டைக்காகச் செலவிடுகின்றனர். மிச்சம் அரை நாட்சம்பளமே எனினும், கடையில் வாங்கும் வீடு மாதம் அறுபது முட்டை வாங்குவதில்லை என்பதையும் நினைக்கவேண்டும். கூட்டில் முட்டை கிடந்தாற் குழந்தை கேட்கும், தாயும் கொடுப்பாள்.

உழைப்பு இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் எக்கணக்கும் நில்லாது. காலையிற் கால் மணியும் மாலையிற் கால் மணியும் வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 182 மணி நேரமாகும். அஃது இருபத்து மூன்று நாள் வேலைக்குச் சமம். ஆகவே கோழி வேலை வேறு வேலைக்கிடையிற் செய்யப்படுவதாக இருத்தல் வேண்டும். கூடு கழுவ நின்று மலைக்குப் பிந்திப் போய் ஒரு பேர் இழந்தவர், மேலே கொண்ட விலைப்படி முப்பது முட்டைகளை இழந்தவராவார். அது ஒரு பேடு ஏழு வாரம் இடும் முட்டை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் வீட்டிலிருக்கும் முதியோரும் இவ்வேலையை நன்கு பார்ப்பர். கொழுந்தெடுக்குந் தாயின் தலையில் இதனையும் ஏற்றுதல் முறையன்று.

கொடுக்கத்தக்கனவும் தகாதனவும்

சோற்று மிச்சத்தோடு தவிடும் சிறிது தேங்காய்ப் பிண்ணாக்கும் பிசைந்து கொடுக்கலாம். கோவா, முட்டைக்கோசு முதலியவற்றின் புறவிலைகள், கரட் இலை, பூசணித் தோல் ஆகியன நல்லன. லீக்ஸ் இலையை மிகுதியாகக் கொடுத்தால் முட்டையில் வாடை ஏறும். உருளைக்கிழங்குத் தோலை அவித்தே கொடுக்கவேண்டும். பச்சை நிறம் ஏறிய தோலும் முளையும் அவித்தாலும் ஆகா. காசல்ரி நீர்த்தேக்கத்து மீன் வாங்கும் வீடுகளில் தலையையுங் குடலையும் அவித்து மசித்துக் கொடுத்தால் அது மிகச் சிறந்த புரதத் தீனாகும். கருவாட்டுத் தலையை மட்டும் அவ்வாறு கொடுத்தல் கூடாது. அதிலுள்ள உப்பு கோழிக்கு நஞ்சாகும். ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டே பயன்படுத்தல் வேண்டும். சாயம் வடித்த தேயிலைச் சக்கையிற் கோழிக்குப் பயனொன்றுமில்லை. அதன் இடம் எருக்குழி.

முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தீனிற் கலந்தால் சுண்ணச் சத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தும் பழக்கம் கோழிக்கு வந்துவிடும். தீனைவிட இருமடங்கு நீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். நோர்வூட்டில் நீருக்குப் பஞ்சமில்லையென்று எண்ணி, கானில் ஓடுந் தண்ணீரைக் குடிக்கட்டுமென விட்டுவிடுதல் தவறு. மருந்தடித்த மலையிலிருந்து வடியும் நீர் அதிற் கலந்திருக்கலாம். களைகொல்லியோ பூச்சிமருந்தோ அடித்த தேயிலை நிரைகளில் கோழிகளை மேயவிடுதலுங் கூடாது.

தீனை வாங்கும் முறையிலும் இப்பகுதிக்குரிய இடரொன்று உண்டு. சில்லறையாக வாங்குந் தீன் விலை கூடியது. 50 கிலோ மூடையாக வாங்கினால் விலை குறையும். ஆயின் நான்கு பேடுகளுக்கு நாளொன்றுக்கு 320 கிராம் வீதம் ஒரு மூடை ஐந்து மாதத்திற்கு வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் நீங்காத இம்மலைகளில் ஐந்து மாதம் வைத்த தீனிற் பூஞ்சணம் பிடிப்பது உறுதி. பூஞ்சணத் தீன் கோழியின் ஈரலைக் கெடுக்கும்; முட்டையைக் குறைக்கும்; குஞ்சுகளைக் கொல்லும். மலிவாக வாங்கிய மூடை இவ்வாறு மிக விலையுயர்ந்ததாகிவிடும். நான்கு வீட்டார் கூடி ஒரு மூடையைப் பகிர்ந்துகொண்டால் ஐந்தாறு வாரத்தில் அது தீர்ந்துவிடும், விலையுங் குறையும். பங்கைத் தகரப் பேணியில் இறுக மூடி, தரையிற் படாது பலகைமேல் வைக்கவேண்டும். எலி தின்னும் தீனும் கணக்கிற் செலவே.

நாட்டுக் கோழியின் கணக்கு வேறு

நாட்டுப் பேட்டினால் ஆண்டுக்குக் கிடைப்பன ஐம்பது முட்டை அளவில்தான். அதற்கு நாளொன்றுக்கு 100 கிராம் கடைத்தீன் கொடுப்பவர் ஆண்டுக்கு 36 கிலோவுக்கு மேற் கொடுக்கின்றார். முட்டையொன்று 146 ரூபாவாகின்றது. கடை விலையில் மூன்று மடங்குக்கும் அதிகம். ஆகவே நாட்டுப் பேட்டிற்கு மாலையிற் கூடடையும்போது ஒரு கைப்பிடி தானியமே போதும். அதன் பயன் முட்டையிலன்று, அடைகாப்பதிலேயே உளது. பழுப்புப் பேடு அடைகாப்பதில்லை. இரவில் நன்கு குளிருகின்ற இவ்வூரிற் குஞ்சுகளை மின்குமிழ் வைத்துக் காப்பது செலவு மிக்கது. நாட்டுப் பேட்டின் சிறகுக்கு மின்கட்டணம் இல்லை.

நாட்டுக் கோழி வளர்ப்போர் இழப்பது பெரும்பாலும் தீனாலன்று, குஞ்சு சாவதாலேயே. பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒன்பது, பத்துப் பொரிக்கும். தாயோடு அன்றே வெளியில் விட்டால் இரண்டு மாதத்தில் நான்கு எஞ்சுவதே அரிது. மழையில் நனைந்து சாவன சில. பருந்தும் கீரியும் எலியும் நாயும் கொண்டுசெல்வன சில. இரத்தக் கழிச்சலில் மடிவன சில. தேயிலைப் பாத்திக்குட் போன குஞ்சைத் தேடிக் கண்டவர் இலர். ஒவ்வொரு குஞ்சும் விற்கவோ உண்ணவோ கூடிய ஒரு முட்டையாக இருந்தது என்பதையும், அதன்மேல் மூன்று வாரம் தாய்க்கோழி முட்டையிடாது இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். முதல் ஐந்து, ஆறு வாரம் தாயையுங் குஞ்சுகளையும் கம்பிவலை அடித்த பெட்டியொன்றில், காய்ந்த மானாப்புல் பரப்பி வைத்து, குஞ்சுத் தீன் கொடுத்தால் எட்டு வரை தப்பும். கடைத்தீனுக்குப் பணஞ் செலவிட நாட்டுக் கோழி வளர்ப்பில் ஏற்ற இடம் இஃதொன்றே.

சேவலைப் பற்றியும் ஒரு சொல். முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்க மட்டுமே வேண்டும். லயத்திற்கு ஒன்று போதும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எனினும் பத்து மாதங் கடைத்தீன் தின்ற சேவல் 33 கிலோ, அதாவது 6,600 ரூபா தின்றிருக்கும். நேர்த்தியைக் குறைக்கவேண்டுமென்பதன்று, அதனை முட்டைக் கோழியின் தீனில் வளர்த்தல் வேண்டாமென்பதே கருத்து. திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முன்னர் விலை ஏறுவதறிந்து, ஆறேழு மாதம் முன்னரே அடைவைப்போர் நல்ல விலை பெறுகின்றனர்.

கூடும் மழையும்

நான்கு பேடுகளின் இரவுக் கூட்டிற்கு 12 சதுர அடி போதுமானது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, கூரைக்குத் தகரம் இட்டு, மழைக்காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தைப் பலகையால் முழுதும் அடைத்தல் வேண்டும். முகப்பு காலை வெயிலை நோக்கியிருக்கட்டும். குளிருக்கு அஞ்சி நாற்புறமும் சாக்கால் மூடிவிடுவோர் உளர். கோழிக்குக் குளிரைவிட ஈரமும் எச்சவாடையுமே கேடு. மேற்புறத்தில் ஒரு சாண் அகலங் காற்றுக்கு விடவேண்டும். மரத்தூளோ காய்ந்த புல்லோ நனைந்தவுடன் மாற்றப்படல் வேண்டும். ஈரத்தரை இரத்தக் கழிச்சலின் விளைநிலம். மாற்றி எடுத்ததை எருக்குழியிலிட்டு மக்கவைத்தால் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் சிறந்த பசளையாகும். 2021 இல் உரங் கிடையாத பருவத்திற் கோழி எருவைத் தேடி அலைந்தோருக்கு அதன் அருமை தெரியும். புது எச்சத்தை நேரே வேரிற் போட்டாற் செடி கருகும்.

மூடுபனிக் காலத்தில் முட்டை குறைவது ஒளிக் குறைவாலும் நேர்வது. விடியுமுன் மூன்று மணி நேரம் 5 வாட்டு மின்குமிழ் ஒன்றை எரித்தால், ஆண்டு முழுவதற்கும் ஐந்தரை மின் அலகே செலவாகும்.

நோய்

இராணிக்கேட் நோய் வந்தால் மேலே கண்ட கணக்குகள் அனைத்தும் ஒரே வாரத்தில் அழிந்துவிடும். வட இந்தியாவிலுள்ள இராணிக்கேட் என்னும் மலையூரில் 1920 களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் பெற்றது. அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தோன்றியமையால் அப்பெயராலும் வழங்கும். பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுகுதல் ஆகியன அறிகுறிகள். மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. பேராதனை கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இத்தடுப்பு மருந்தைத் தயாரிக்கின்றது. அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம். ஒரு குப்பியில் நூற்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கான மருந்து இருக்கும். திறந்தபின் அன்றே தீர்க்கவேண்டும். நான்கு கோழிக்காக ஒரு வீட்டார் குப்பியைத் திறந்தால் எஞ்சியதைக் கொட்டவேண்டியதுதான். லயத்தார் அனைவரும் ஒரு நாளைக் குறித்து, எல்லாக் கோழிகளுக்குஞ் சேர்த்துக் கொடுத்தால் ஒரு கோழிக்கு விழுவது மிகச் சொற்பம். அன்றியும் பக்கத்து வீட்டுக் கோழி காக்கப்படாதவரை தம் கோழியும் காக்கப்பட்டதாகாது.

புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் வேறாக வைத்தல் வேண்டும். திருவிழாவுக்கென வெளியூரிலிருந்து சேவல்கள் வந்திறங்கும் நாட்களில் இது மிகவும் அவசியம். செத்த கோழியைக் கானில் எறிதல், கீழ்லயத்தாருக்கு நோயை அனுப்புதலாகும். சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க.

குறிப்புப் புத்தகம்

பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் ஒரு பக்கத்தை நாலாகப் பிரித்து, நாள், கிடைத்த முட்டை, வாங்கிய தீன், விற்றதும் உண்டதும் என எழுதிவருதல் போதும். மாதமுடிவில் முட்டைத் தொகையைத் தீன் கிலோவால் வகுக்கவேண்டும். வீட்டு மிச்சமுஞ் சேர்ந்து கொடுக்கப்படுமிடத்து ஒரு கிலோ கடைத்தீனுக்கு ஏழு முட்டைக்கு மேல் வருதல் வேண்டும். ஐந்துக்குக் கீழே இறங்கினால், ஒன்றில் தீன் சிந்துகின்றது, அல்லது எலி தின்கின்றது, அல்லது முட்டையிடாத பேடு ஒன்று கூட்டில் இருக்கின்றது.

அப்பேட்டைக் கண்டறிதல் எளிது. இரவிற் கூட்டிலிருந்து எடுத்து, வாலின் கீழுள்ள இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே விரலை வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பின் அது முட்டையிடுவது. ஒரு விரலுக்கும் இடமில்லையாயின் ஓய்ந்தது. கொண்டை வெளிறிச் சுருங்கியிருத்தலும் அடையாளமாகும். இறகு உதிர்க்குங் காலத்தில் எல்லாப் பேடும் இரண்டு மாதமளவு ஓயும். அதன்பின் இரண்டாம் ஆண்டில் முட்டை ஐந்திலொரு பங்கு குறையும். 44 முட்டை குறைந்தால் 1,980 ரூபா நட்டம். புதுப்பேடு 1,200 ரூபா. பழக்கத்தால் விட மனமில்லாது ஐந்தாறு ஆண்டு வைத்திருப்போர், அப்பேடு தின்னுங் கடைத்தீன் நாளொன்றுக்கு 16 ரூபா என்பதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு வளர்ப்பதிற் குற்றமில்லை.